நல்ல புகையிலை என்று ஒன்று உண்டா?

அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது பள்ளிவாசல் படிக்கட்டில் ஒரு பெரியவர் என்னை மறித்தார். எழுபது வயதைத் தாண்டியவர். ஊரில் எல்லோரும் மதிக்கும் தச்சர். என் வாப்பாவோடு ஒன்றாகத் திரிந்தவர். இடுப்பு வாரில் செருகியிருந்த சின்னஞ்சிறு தகரப் பேணியை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே கருஞ்சிவப்பு நிறத்தில் புகையிலைத் துண்டுகள்.

“தம்பி மௌலவி, வெற்றிலை கூடாது, புகையிலை கூடாது என்று மத்ரஸாவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தீர்களாம். என்ட பேத்தி இந்தப் பேணியை ஒளித்து வைக்கிறாள். கடையில் தூக்கி விற்கிற பக்கற்றுச் சாமான் எதையும் நான் வாயில் வைக்கிறதில்லை. நல்ல முற்றின புகையிலையாய்ப் பார்த்து வாங்கி, வெயிலில் காயவைத்து, ஈரம் படாமல் வைத்திருக்கிறேன். ஒரு கலப்படமும் இல்லாத சுத்தமான இலை. இதில் என்ன நஞ்சு இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.”

அவருக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. கூடாது என்று சொல்லத் தெரிந்திருந்ததே தவிர, ஏன் என்று விளக்கத் தெரிந்திருக்கவில்லை. இதன் மார்க்கத் தீர்ப்பை அறிந்தவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். இக்கட்டுரை அதற்காக எழுதப்பட்டதன்று. பெரியவர் கேட்டது நேர்மையான கேள்வி. அதற்கு நேர்மையான விடை தேட வேண்டுமென்று தோன்றியது. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இன்று பல் வைத்தியராக இருக்கிறார். அவரிடம் கேட்டும், அவர் தந்தவற்றை வாசித்தும் விளங்கிக்கொண்டதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பச்சை இலையில் இல்லாதது

சிகரட்டில் நெருப்பு இருக்கிறது, புகை இருக்கிறது. ஆகவே அது கெடுதி. சப்பும் புகையிலையில் இரண்டும் இல்லை. ஆகவே அது வெறும் இலை. எம்மில் அநேகருடைய எண்ணம் இதுதான். ஆனால் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2007இல் வெளியிட்ட தொகுதியில், புகைக்காமல் பாவிக்கும் புகையிலையும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று ஐயத்துக்கு இடமின்றி வகைப்படுத்தியிருக்கிறது. அதில் புற்றுநோயைத் தூண்டும் குறைந்தது 28 பொருள்கள் இனங்காணப்பட்டுள்ளன.

அவற்றுள் மிக மோசமானவை நைத்திரோசமைன்கள் எனப்படும் ஒரு குடும்பம். புகையிலைக்கே உரிய இந்தக் குடும்பத்தில் இரண்டு பேர் பெயர்பெற்றவர்கள்: ஒன்று என்.என்.என்., மற்றது என்.என்.கே. இவற்றில் முதலாவது புகையிலையில் இருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1974இல் வெளிப்படுத்தினார்கள்.

வியப்பான செய்தி என்னவென்றால், வயலில் நிற்கும் பச்சைப் புகையிலையில் இவை மிக மிகச் சொற்பமே. அப்படியானால் எங்கிருந்து வருகின்றன? இலையை ஒடித்து, உலர்த்தி, அடுக்கி, பதப்படுத்தி, சேமித்து வைக்கும் காலத்தில்தான் உருவாகின்றன. அதாவது நஞ்சின் பெரும்பகுதி வயலுக்கும் வாய்க்கும் இடையில் உள்ள பயணத்தில் சமைக்கப்படுகிறது.

அந்தச் சமையலுக்கு வேண்டியவை மூன்று. முதலாவது, நிக்கொட்டினும் அதன் உறவுப் பொருள்களும். இவை இலையிலேயே இருக்கின்றன. இரண்டாவது, நைத்திரேற்று என்ற உப்பு. நைதரசன் பசளையை அதிகம் இட்டால் இதுவும் இலையில் அதிகமாகச் சேரும். காம்பிலும் நடுநரம்பிலும் கூடுதலாக இருக்கும். மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத பக்டீரியாக்கள். ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் இவை பெருகும். பெருகும்போது நைத்திரேற்றை நைத்திரைற்று என்ற வேறொரு பொருளாக மாற்றிவிடும். பெயரில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். குணத்திலோ பெரிய வித்தியாசம். இந்த நைத்திரைற்று நிக்கொட்டின் குடும்பத்தோடு சேரும்போதுதான் நைத்திரோசமைன் பிறக்கிறது.

பாலை நினைத்துப் பாருங்கள்

எமது தாய்மாருக்கு இதை விளக்குவது கடினமன்று. கறந்த பாலை அப்படியே வைத்தால் மாலைக்குள் புளித்துவிடும். காய்ச்சி வைத்தால் தாங்கும். காய்ச்சிக் குளிரில் வைத்தால் இன்னும் தாங்கும். புகையிலையிலும் நடப்பது இத்தகைய நொதித்தல்தான். பாலில் பிறப்பது தயிர். அதைச் சாப்பிடலாம். புகையிலையில் பிறப்பது வேறு.

“முற்றின புகையிலை”, “பதமான புகையிலை” என்று பெரியவர்கள் புகழ்வது எதை? நன்றாக அடுக்கி, வேர்க்கவைத்து, நிறம் கறுத்து, மணமும் காரமும் ஏறியதைத்தான். அந்த மணத்தைத் தரும் நொதித்தல் நடக்கும்போதே நைத்திரோசமைன்களும் கூடுகின்றன. நாக்கு “தரம்” என்று மெச்சுகின்ற அந்தப் பதம் எப்படி வந்தது என்பதை நாக்கு அறியாது.

உலர்த்தும் முறையும் முக்கியமானது. யாழ்ப்பாணப் புகையிலை ஒரு காலத்தில் திருவாங்கூர் வரை கப்பலேறிய சரக்கு. அங்கே சப்பும் புகையிலையை, தேங்காய்ப் பொச்சு முதலியவற்றை எரித்துப் புகையூட்டிப் பதப்படுத்தும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்தது. நெருப்புப் புகையில் பதப்படுத்திய இலையில், நைத்திரோசமைன்களுக்கு மேலதிகமாக, விறகுப் புகையில் உள்ள பென்சோபைரீன் போன்ற பொருள்களும் படிகின்றன. இவையும் புற்றுநோயோடு தொடர்புடையவை. “புகைக்காத புகையிலை” என்று நாம் நம்பிச் சப்புவது, சிலவேளை எமக்கு முன்பே புகை குடித்த புகையிலையாக இருக்கிறது.

சூடானில் தும்பாக்

பதப்படுத்தும் முறை எவ்வளவு தூரம் கெடுதியைப் பெருக்கும் என்பதற்கு சூடான் நாடு ஒரு பெரிய பாடம். அங்கே “தும்பாக்” என்ற ஒன்றை இலட்சக்கணக்கானோர் பாவிக்கிறார்கள். அது நாம் அறிந்த புகையிலைச் செடியன்று. நிக்கொட்டின் மிகுந்த வேறோர் இனம். அதன் இலையை உலர்த்திப் பொடியாக்கி, நொதிக்க விட்டு, மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். பின்னர் நீரும் “அத்ரூன்” என்ற உவர்ப்பொருளும் கலந்து பிசைவார்கள். நூல்களில் “நத்ரூன்” என்று நாம் படிக்கும் அதே பொருள்தான். சோடா உப்பு வகையைச் சேர்ந்தது. அந்த ஈரக் களியைச் சிறு உருண்டையாக்கி உதட்டுக்கும் முரசுக்கும் இடையில் அடக்கி வைப்பார்கள். அந்த உருண்டைக்கு “ஸஃப்பா” என்று பெயர்.

அத்ரூன் கலப்பதால் நிக்கொட்டின் விரைவாக இரத்தத்தில் ஏறும், போதை இறுகும். எமது வெற்றிலையில் சுண்ணாம்பு செய்யும் வேலைக்கு ஒப்பான வேலை இது.

இந்தத் தும்பாக்கை ஆய்வுகூடத்தில் சோதித்து 1991இல் வெளியிட்ட முடிவு உலகத்தையே திடுக்கிட வைத்தது. அமெரிக்காவிலும் சுவீடனிலும் விற்கப்படும் பொடிகளைவிடக் குறைந்தது 100 மடங்கு நைத்திரோசமைன்கள் அதில் இருந்தன. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. என்.என்.என்., என்.என்.கே. இரண்டும் சேர்ந்து, உலர்ந்த புகையிலை ஒரு கிராமில் 2 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழுவொன்றின் சிபாரிசு. தும்பாக்கில் கண்ட அளவோ சில மாதிரிகளில் ஆயிரக்கணக்கான மைக்ரோகிராம்கள். சூடானில் வாய்ப் புற்றுநோய்க்கும் தும்பாக்குக்கும் உள்ள தொடர்பைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தின.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தும்பாக்கைச் செய்கிறவர்கள் பெரிய தொழிற்சாலைக்காரர்கள் அல்லர். கையால் பிசைந்து விற்கும் சிறு வியாபாரிகள். வண்ணப் பக்கற்றும் வாசனைச் சாயமும் அதற்கு இல்லை. “வீட்டு முறை”, “பாரம்பரிய முறை”, “கலப்படமில்லாதது” என்ற பெயர்களெல்லாம் அதற்குப் பொருந்தும். அவற்றில் எதுவும் அதைப் பாதுகாப்பானதாக ஆக்கவில்லை.

சுவீடன் செய்தது என்ன?

மறுபுறம் சுவீடனைப் பார்ப்போம். அங்கே “ஸ்னுஸ்” என்ற ஈரப்பொடியை உதட்டுக்குள் வைக்கும் பழக்கம் இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அதை அவர்கள் நொதிக்க விடுவதில்லை. பொடித்த புகையிலையில் நீரும் உப்பும் சேர்த்து, ஏறத்தாழ 80 முதல் 100 பாகை வரையான வெப்பத்தில் மணிக்கணக்காக நீராவியில் வேகவைக்கிறார்கள். பால் காய்ச்சுவது போன்ற வேலைதான். பக்டீரியாக்கள் மடிந்துவிடுவதால் நைத்திரைற்று உண்டாவதில்லை. பின்னர் குளிரூட்டியில் வைத்து விற்கிறார்கள். நைத்திரேற்றுக் குறைந்த இலையையும் தேர்ந்தெடுக்கிறார்கள். இதன் பயனாக, 1980களின் தொடக்கத்தில் இருந்ததைவிட 2000களின் தொடக்கத்தில் அந்நாட்டு ஸ்னுஸில் நைத்திரோசமைன்கள் பல மடங்கு குறைந்துவிட்டன. ஏனைய நாடுகளில் புகையிலை சப்புவோரிடம் காணப்படும் அளவுக்கு வாய்ப் புற்றுநோய் அங்கே ஸ்னுஸ் பாவிப்போரிடம் காணப்படவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை.

அப்படியானால் அது நல்ல புகையிலையா? அல்ல. குறைந்ததே தவிர இல்லாமற் போகவில்லை. நிக்கொட்டின் அப்படியே இருக்கிறது. அதற்கு அடிமையானவர் அடிமைதான். கர்ப்பிணித் தாய்மார் ஸ்னுஸ் பாவித்தால் குறைமாதப் பிரசவமும் குழந்தை இறந்து பிறப்பதும் அதிகரிக்கின்றன என்பதைச் சுவீடனின் ஆய்வுகளே காட்டியுள்ளன. ஐரோப்பிய நாடுகள் 1992இல் இத்தகைய பொடியின் விற்பனையைத் தடைசெய்தன. 1995இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது சுவீடன் மட்டும் தனக்கு விலக்குப் பெற்றுக்கொண்டது.

சுவீடனிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம் வேறு. ஒரே செடியின் இலை, செய்யும் முறையைப் பொறுத்து நூறு மடங்கு வேறுபட முடியும். பேணிக்குள் இருக்கும் துண்டைக் கண்ணால் பார்த்தோ மோந்து பார்த்தோ அது எந்த வகை என்று ஒருவராலும் சொல்ல முடியாது. இந்தியாவில் விற்கப்படும் சில கைனி வகைகளைச் சோதித்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கிராமில் என்.என்.என். மட்டும் 70 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. அதை வாங்கியவர்கள் யாருக்கும் அது தெரியாது.

களஞ்சியத்திலும் கடையிலும்

செய்து முடித்த பின்னரும் கதை முடிவதில்லை. உயிருள்ள பக்டீரியாக்கள் மிஞ்சியிருந்தால், பக்கற்றுக்குள்ளும் வேலை தொடர்கிறது. அமெரிக்காவின் ஈரப்பொடி வகைகள் சிலவற்றை 6 மாதம் அறை வெப்பத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2001இல் வெளிவந்த அம்முடிவின்படி அவற்றில் நைத்திரோசமைன்கள் கணிசமாகக் கூடியிருந்தன. அதே முறையில் வைத்த சுவீடன் ஸ்னுஸில் கூடவில்லை. ஒன்று காய்ச்சிய பால், மற்றது காய்ச்சாத பால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பக்டீரியா அதிகம் இல்லாத உலர்ந்த இலைக்கட்டிலும் ஆபத்து உண்டு. சூடான களஞ்சியத்தில் கோடை காலம் முழுவதும் கிடக்கும்போது, இலையிலுள்ள நைத்திரேற்றிலிருந்து வெளிவரும் வாயு நிக்கொட்டினோடு சேர்ந்து மேலும் நைத்திரோசமைன்களை உண்டாக்குகிறது. வெப்பம் கூடக் கூட வேகமும் கூடும்.

இதனால்தான் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் ஒரு விதியை முன்மொழிந்தபோது, உலர்ந்த புகையிலை ஒரு கிராமில் என்.என்.என். 1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பதோடு, காலாவதித் திகதியும் தேவையானால் குளிரில் வைக்கும் அறிவுறுத்தலும் பொதியில் இருக்க வேண்டும் என்றது.

இப்போது எமது நாட்டை நினைத்துப் பாருங்கள். பகலில் 30 பாகை, கடற்கரை ஊர்களில் எந்நேரமும் ஈரக்காற்று. பெட்டிக்கடையில் வெயில் படத் தொங்கும் பக்கற். வெற்றிலைக் கூறு விற்பவரின் ஈரச் சாக்கு. அடுப்படிப் பரணில் பொலித்தீனால் சுற்றிச் செருகிய கட்டு. பக்டீரியாவுக்கு இவற்றைவிடச் சுகமான இடம் வேண்டுமா?

வாயும் ஒரு பாத்திரம்

“சரி, வாங்கி வந்து வெயிலில் நன்றாகக் காயவைக்கிறேன்” என்பது பெரியவரின் வாதம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். உலர்த்துவதும் குளிரில் வைப்பதும் இனி உருவாகப்போவதைச் சற்றுத் தடுக்கலாம். ஏற்கெனவே உருவானதை அகற்றாது. நைத்திரோசமைன் வெயிலில் ஆவியாகிப் போகும் பொருளன்று. வறுத்தாலும் போகாது. புளித்துப்போன பாலை மீண்டும் காய்ச்சினால் நல்ல பாலாகுமா?

அதோடு எமது வாயும் ஒரு நொதிக்கும் பாத்திரம். உமிழ்நீரில் இயல்பாகவே நைத்திரைற்று இருக்கிறது. வாயிலுள்ள பக்டீரியாக்களே அதை உண்டாக்குகின்றன. பல் துலக்காத, முரசு வீங்கிய வாயில் அது இன்னும் அதிகம். புகையிலையை மணிக்கணக்கில் கன்னத்தில் அடக்கி வைத்தால், அங்கேயே புதிதாக நைத்திரோசமைன் உருவாக இடமுண்டு. பேணியைச் சுத்தமாக வைத்திருந்தாலும், இரவு முழுவதும் அதை வாயில் அடக்கிக்கொண்டு தூங்குபவருக்கு அந்தச் சுத்தம் என்ன செய்யும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். “புகையிலையை விட்டுவிட்டேன், பாக்கும் சுண்ணாம்பும் மட்டும்தான்” என்று சிலர் ஆறுதலடைகிறார்கள். அதே முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதியில் பாக்கையே புற்றுநோயை உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்திவிட்டது. வாய் திறக்க முடியாமல் இறுகிப்போகும் நோய்க்கும் பாக்கே காரணம்.

எமது வீடுகளுக்கு ஒரு வார்த்தை

இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்குத்தான். புகைக்காமல் பாவிக்கும் புகையிலைப் பொருள்களின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை ஆகியவற்றை அரசாங்கம் 2016இல் வர்த்தமானி மூலம் தடைசெய்தது. ஆனால் சட்டம் கடைவாசல் வரைதான் வரும். வெற்றிலைத் தட்டு வரை வரமாட்டாது. கலியாண வீட்டிலும் மரண வீட்டிலும் தட்டை நீட்டுவது நாம். “உம்மும்மாட பேணியை எடுத்து வா மகன்” என்று ஏழு வயதுப் பிள்ளையை அனுப்புவதும் நாம்.

ஆகவே பெரியவர்களை ஏசாமல், பேணியை ஒளிக்காமல், காரணத்தைச் சொல்லிப் பேசுங்கள். ஐம்பது வருடப் பழக்கத்தை ஒரு நாளில் விடச் சொல்வது இலேசன்று. இது பிடிவாதமன்று, நிக்கொட்டின் பிடித்த பிடி. ஒவ்வொரு தடவையாகக் குறைக்க உதவுங்கள். முதலில், வாயில் அடக்கியபடி உறங்குவதை நிறுத்துங்கள். வைத்தியரின் உதவியை நாடுங்கள்.

வெளிச்சத்தில் அவர்களுடைய வாயைப் பாருங்கள். தேய்த்தாலும் போகாத வெள்ளைத் தழும்பு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், காரணமில்லாத தடிப்பு, வாய் முழுதாகத் திறக்க முடியாமை — இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் வைத்தியரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள். வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். ஆரம்பத்தில் வலி இருப்பதில்லை. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணமாக்க வழியும் உண்டு.

இவ்வளவையும் படித்தறிந்த பின்னர் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். பாலின் உதாரணத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். “அப்ப நான் இத்தனை வருஷமாய்த் தேடித் தேடி வாங்கினது நல்லாய்ப் புளிச்சதைத்தானா?” என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பேத்தி உள்ளே போனதும், இடக் கன்னத்தை விரலால் ஒதுக்கிக் காட்டினார். நான்கு மாதமாக ஆறாத புண் ஒன்று அங்கே இருந்தது. பக்கற்றை விட்டு “நல்ல” புகையிலைக்கு மாறினால் ஆறிவிடும் என்று நினைத்திருக்கிறார். அதனால்தான் அன்றைக்குப் பள்ளிவாசலில் என்னை மறித்துக் கேட்டாராம்.

மறுவாரம் மகனோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். புண்ணிலிருந்து சிறிது சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இதை எழுதும்வரை முடிவு வரவில்லை. நல்ல முடிவே வர வேண்டுமென்று பிரார்த்திக்கிறோம். பேணியை இப்போது யாரும் ஒளிப்பதில்லை. அவரே பேத்தியின் கையில் கொடுத்துவிட்டார். அவள் அதில் ஊசியும் நூலும் போட்டு வைத்திருக்கிறாள்.